லில்லியன் ஹெல்மன்: அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த முகம்

மேடைவாசி:

இரண்டு வாரமாக லில்லியன் ஹெல்மன் எழுதிய படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி எங்கே படித்தாலும் நாடக ஆசிரியர் என்று நாலு பத்தி இருக்கும், துப்பறியும் கதைக்காரர் டேஷியல் ஹேமெட்டோடு முப்பது வருடம் என்று நாலு பத்தி, கம்யூனிஸ்டுகளைத் தேடி நடத்திய 1952 விசாரணை என்று நாலு பத்தி. ஹாலிவுட்டுக்கு எழுதியதைப் பணத்துக்காகச் செய்த வேலை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் மனதை விடாமல் அரித்த விஷயம் ஒன்று இருந்தது. மேடையைவிட சினிமாதான் அதற்கு நன்றாக இடம் கொடுத்தது என்று நினைக்கிறேன். அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் கொஞ்சம் பின்னணி. பிறந்தது 1905, நியூ ஆர்லியன்ஸ். 1930 வாக்கில் கணவர் ஆர்தர் கோபருக்கு ஹாலிவுட்டில் எழுத்து வேலை கிடைக்க, இவரும் கூடப் போகிறார். எம்ஜிஎம் ஸ்டுடியோவில் வாரம் 50 டாலருக்கு வருகிற நாவல்களையும் நாடகங்களையும் படித்து, படமாக்கத் தேறுமா என்று சுருக்கம் எழுதித் தரும் வேலை. அங்கேதான் ஹேமெட்டைச் சந்தித்தார். கோபரோடு மணவாழ்க்கை 1932-ல் முடிந்தது.

ஹேமெட் ஒரு புத்தகத்தைக் காட்டி, இதில் உனக்கு ஒரு நாடகம் இருக்கிறது என்றார். 1810-ல் எடின்பரோவில் நடந்த வழக்கு. பெண்கள் பள்ளி நடத்திய இரண்டு ஆசிரியைகள் காதலர்கள் என்று ஒரு மாணவி பாட்டியிடம் சொல்லிவிடுகிறாள். பாட்டி மற்றப் பெற்றோருக்குச் சொல்கிறாள். இரண்டே நாளில் பள்ளி காலி. அதிலிருந்து வந்ததுதான் 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்'. 1934 நவம்பரில் பிராட்வேயில் தொடங்கி 691 காட்சிகள் ஓடியது. அப்போது அவருக்கு 29 வயது. பாஸ்டன் நகரில் தடை, லண்டனிலும் பொது மேடையில் அனுமதி இல்லை.

தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் இந்த நாடகத்தை வாங்கினார். தணிக்கைக் குழு ஒத்துக்கொள்ளவே இல்லை. பெண்கள் இருவருக்குள் காதல் என்ற பேச்சே வரக்கூடாது, நாடகத்தின் பெயரை வைக்கக்கூடாது, விளம்பரத்தில்கூட அந்த நாடகத்தைச் சொல்லக்கூடாது. வேறு யாராவது எழுதியிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். ஹெல்மன் தானே உட்கார்ந்து மாற்றி எழுதினார். படத்தில் அந்த மாணவி மேரி சொல்லும் பொய் வேறு: ஓர் ஆசிரியை தன் தோழிக்கு நிச்சயமான மாப்பிள்ளையோடு இரவில் இருந்தாள் என்பது. படத்தின் பெயர் 'தீஸ் த்ரீ', 1936, இயக்கம் வில்லியம் வைலர்.

பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எந்தப் பொய் என்பது மாறியும் கதையின் வேகம் குறையவில்லை. ஒரு குழந்தை காதில் ஓதியதைப் பெரியவர்கள் விசாரிக்காமல் நம்பி, மறுநாள் காலையில் கார் அனுப்பிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்களே, கதையின் உயிர் அங்கேதான் இருந்திருக்கிறது. தணிக்கைக்காரர்களால் அதைத் தொட முடியவில்லை.

ரீல்பெட்டி:

ஒரு இடத்தில் ஒத்துவரவில்லை சார். உயிர் அங்கே மட்டும் இல்லை. நாடகத்தின் கடைசி அங்கத்தில் ஆசிரியைகளில் ஒருத்தியான மார்த்தா, ஊர் சொன்ன பொய்க்குள் தன்னைப் பற்றி ஓர் உண்மை இருந்ததைக் கண்டுபிடிக்கிறாள். தோழியிடம் சொல்கிறாள். அடுத்த நிமிடம் பக்கத்து அறையில் துப்பாக்கிச் சத்தம். அதற்குப் பிறகுதான் பாட்டி மன்னிப்புக் கேட்க வருகிறாள், எல்லாம் முடிந்த பிறகு. 'தீஸ் த்ரீ'யில் மார்த்தா சாகவில்லை. திருட்டு வளையலை வைத்து உண்மையை வெளிக்கொண்டுவருகிறாள், காதலர்கள் வியன்னாவில் சேர்கிறார்கள். நல்ல படம்தான். ஆனால் மார்த்தாவுக்குச் சொந்தமாக இருந்த ஒரே உண்மையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதைச் சின்ன மாற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

1961-ல் வைலரே மறுபடி எடுத்தாரே, ஆட்ரி ஹெப்பர்ன், ஷெர்லி மக்லேன் நடித்து. அதில் பழைய கதை அப்படியே திரும்பி வந்தது. அதைப் பார்த்தீர்களா?

மேடைவாசி:

பார்த்தேன். நீங்கள் சொல்வது நியாயம், மார்த்தா விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். ஷெர்லி மக்லேன் அந்த ஒப்புதலைச் சொல்லும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனாலும் முழுப் படமாக எடுத்துக்கொண்டால் 1936-ஐத்தான் திரும்பப் பார்ப்பேன். 1961 படத்தில் திரைக்கதை வேறொருவர். ஹெல்மன் பெயர் தழுவல் என்று மட்டும் வருகிறது. அந்தச் சின்னப் பெண் இரண்டாவது படத்தில் வெறும் ராட்சசி. முதல் படத்தில் பொனிட்டா கிரான்வில் செய்வதைப் பாருங்கள். பொய் சொல்லிக்கொண்டே பாட்டியின் முகத்தைப் படிக்கிறாள். எந்த வார்த்தைக்குப் பாட்டி முகம் மாறுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சொல்கிறாள். பொய்யில் பாதியைப் பாட்டியின் பயமே எழுதிக் கொடுக்கிறது. துணை நடிகைக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்த முதல் வருடமே அவள் பெயர் பரிந்துரையில் இருந்தது.

வானதி:

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்' பற்றிப் பேசினாலே 1935 புலிட்சர் பரிசு அதற்குக் கிடைக்காத கதை வரும். அந்த வருடம் பரிசு வாங்கிய நாடகம் 'தி ஓல்ட் மெய்ட்'. எழுதியவர் சோயி எய்கின்ஸ். எடித் வார்ட்டன் எழுதிய குறுநாவலிலிருந்து செய்தது. தகுதி பார்க்காமல் கதைக் கருவுக்குப் பயந்து முடிவெடுத்தார்கள் என்று நியூயார்க் விமர்சகர்கள் கொதித்துப்போய், தாங்களே தனியாக ஒரு விமர்சகர் வட்டம் தொடங்கிப் பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். அது இன்றைக்கும் இருக்கிறது. 1941-ல் 'வாட்ச் ஆன் தி ரைன்' நாடகத்துக்காக ஹெல்மனுக்கும் கொடுத்தார்கள்.

இதில் எய்கின்ஸ் பாவம், தப்பாக ஜெயித்தவர் என்ற பெயரோடு மறந்துபோனார். அவரும் நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர்தான், ஹெல்மனுக்கு முன்னாலேயே. மிசௌரிக்காரர். 1919-லேயே எத்தல் பாரிமோர் நடித்த வெற்றி நாடகம் கொடுத்தவர். பேசும் படம் வந்ததும் ஹாலிவுட் போனார். டாரத்தி ஆர்ஸ்னர், அந்தக் காலத்தில் பெரிய ஸ்டுடியோக்களில் இயக்குநராக நிலைத்த ஒரே பெண், அவருக்கு மட்டும் எய்கின்ஸ் நாலு படம் எழுதியிருக்கிறார். 1933-ல் வந்த 'கிறிஸ்டோபர் ஸ்ட்ராங்' அதில் ஒன்று. கேத்தரின் ஹெப்பர்ன் விமானம் ஓட்டுபவராக வருவார். ஹெப்பர்னுக்கு முதல் ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த 'மார்னிங் குளோரி' எய்கின்ஸ் நாடகத்திலிருந்து வந்த படம். கிரெட்டா கார்போவின் 'கமீல்' திரைக்கதையில் ஃபிரான்சிஸ் மாரியன், ஜேம்ஸ் ஹில்டனோடு இவர் பெயரும் இருக்கிறது.

ஹெல்மனுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டவர் என்று இவரை ஓரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. பரிசுக் குழு செய்த தப்புக்கு அவர் என்ன செய்வார்.

மேடைவாசி:

வானதி அக்கா, இதற்கு நன்றி. 'கமீல்' எத்தனையோ தடவை பார்த்தும் எழுதியவர்கள் பெயரைக் கவனித்ததே இல்லை. எய்கின்ஸுக்கென்று நீங்களே தனி இழை தொடங்குங்கள், நான் வந்து உட்காருகிறேன்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 'தி லிட்டில் ஃபாக்சஸ்'. நாடகம் 1939, படம் 1941. கதை 1900-ல், அமெரிக்கத் தெற்கில் ஒரு சின்ன ஊர். ஹப்பர்ட் குடும்பத்து அண்ணன் தம்பிகள் பென், ஆஸ்கர், தங்கை ரெஜினா. சிகாகோக்காரர் ஒருவரோடு சேர்ந்து பஞ்சாலை வைக்கப்போகிறார்கள். கூலி மலிவு என்பதுதான் அவர்கள் காட்டும் ஆசை. ரெஜினாவின் பங்கு 75,000 டாலர், அது அவள் கணவர் ஹோரஸ் தர வேண்டும். அவர் இதய நோயாளி, தர மாட்டேன் என்கிறார். ஆஸ்கரின் மகன் வங்கிப் பெட்டகத்திலிருந்து ஹோரஸின் 88,000 டாலர் பத்திரங்களைத் திருடுகிறான்.

திருட்டு தெரிந்ததும், அது நான் கொடுத்த கடன் என்று சொல்லிவிடுவேன், உனக்கு ஒன்றும் கிடைக்காது என்று ஹோரஸ் மனைவியிடம் சொல்கிறார். அவள் பதிலுக்கு, கல்யாணமான நாளிலிருந்தே உன்னை இளக்காரமாகத்தான் நினைத்தேன் என்கிறாள். அவருக்கு மூச்சு திணறுகிறது. மருந்துப் புட்டி கை தவறி உடைகிறது. மாடியில் இன்னொரு புட்டி இருக்கிறது, வேலைக்காரி ஆடியைக் கூப்பிடு என்கிறார். ரெஜினா அசையவில்லை. அவரே எழுந்து தடுமாறிப் படிக்கட்டை நோக்கிப் போகிறார்.

கேமரா அவரோடு போகவில்லை. ரெஜினாவாக நடித்த பெட்டி டேவிஸ் முகத்திலேயே நிற்கிறது. பின்னால், மங்கலாக, ஒரு மனிதன் படியில் விழுந்து எழுந்து விழுவது தெரிகிறது. அவள் கண் எங்கேயோ முன்னால் பார்க்கிறது. காது மட்டும் பின்னால் இருக்கிறது. படத்தில் ஒரு கொலை நடக்கிறது, கொலை செய்தவள் விரல்கூட அசைக்கவில்லை.

தச்சன்மகன்:

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். படிக்கட்டு என்றதும் எழுதலாம் என்று தோன்றியது. இருபது வருடமாக மேடைக்கு செட் போடுகிறேன்.

இந்த நாடகத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. ஹோரஸ் முதல் சில படிகளை ஓட்டமாக ஏறி, நாலாவது படியில் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்து, மேலே போய் முழங்காலில் விழுந்து பார்வையிலிருந்து மறைகிறார் என்று மேடைக் குறிப்பு. அவர் ஏறி முடிக்கும்வரை ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆக, அசையாமல் உட்காருவது ஹெல்மன் மனதில் ஆரம்பத்திலேயே இருந்தது. இயக்குநர் கண்டுபிடித்தது இல்லை.

ஆனால் மேடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. எது அசைகிறதோ அங்கேதான் சபையின் கண் போகும். ஒருவர் படியில் உருண்டால், முன்னால் எவ்வளவு பெரிய நடிகை உட்கார்ந்திருந்தாலும் ஆயிரம் பேரும் படியைத்தான் பார்ப்பார்கள். விளக்கைக் குறைத்து அவள்மேல் மட்டும் வெளிச்சம் வைக்கலாம், அப்போது படி இருட்டாகி அவர் சாவது தெரியாது. நாங்கள் இதேபோல ஒரு காட்சிக்குப் படிக்கட்டைப் பக்கவாட்டில் போட்டுப் பார்த்தோம், பின்னால் போட்டுப் பார்த்தோம், படிக்கு மெல்லிய திரைகூடக் கட்டிப் பார்த்தோம். எதுவும் சரிவரவில்லை. அசையாதவளைப் பார், அசைகிறவன் ஓரத்தில் இருக்கட்டும் என்று ஒருவன் கண்ணைப் பிடித்து நிறுத்த லென்ஸால் முடியும், எங்களால் முடியாது. மேடைவாசி சார் சொல்ல வருவது இதுதான் என்றால் நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். ஹோரஸாக நடித்த ஹெர்பர்ட் மார்ஷலுக்கு முதல் உலகப் போரில் ஒரு கால் போய்விட்டது, கட்டைக் காலோடுதான் நடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து அவர் எழும் இடத்தை இதைத் தெரிந்துகொண்டு ஒருமுறை பாருங்கள்.

மேடைவாசி:

தச்சன்மகன், இரண்டு வாரமாக எனக்குச் சொல்லத் தெரியாததை ஒரு பத்தியில் சொல்லிவிட்டீர்கள். அதேதான்.

நாடகத்தில் ஆடி ஒரு வார்த்தை சொல்வாள். வெட்டுக்கிளி மாதிரி நிலத்தையும் அதில் இருக்கிற மனிதர்களையும் தின்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறவர்களும் இருக்கிறார்கள். நின்று பார்ப்பது சரியில்லை என்று சில நேரம் தோன்றுகிறது என்பாள். கடைசியில் மகள் அலெக்ஸாண்ட்ரா அதையே அம்மாவிடம் திருப்பிச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள். ஹெல்மன் எழுதிய எல்லாவற்றிலும் இந்தக் கேள்விதான் ஓடுகிறது. பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போன பெற்றோர், 'வாட்ச் ஆன் தி ரைன்' நாடகத்தில் நாஜிகளைப் பற்றித் தெரிந்தும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வாஷிங்டன் குடும்பம், எல்லோரும் நின்று பார்த்தவர்கள்.

வேலையாகப் பார்த்தாலும் சும்மா நாடகத்தை நகல் எடுக்கவில்லை. நாடகம் முழுக்க ஒரே கூடம். படத்தில் ஹோரஸை பால்டிமோரிலிருந்து மகள் ரயிலில் கூட்டிவருவது வருகிறது, தெரு வருகிறது. பத்திரத்தை எடுக்கலாமா என்று அப்பனும் மகனும் பேசுவதைக் குளியலறைக்கு மாற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு முகம் மழிக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் கண்ணாடியில்தான் பார்க்கிறார்கள். நேரில் பார்த்துப் பேச முடியாத பேச்சு அது. கூடுதல் காட்சிகளுக்கு டாரத்தி பார்க்கர், ஆலன் கேம்ப்பெல், முன்னாள் கணவர் ஆர்தர் கோபர் மூவரும் கை கொடுத்தார்கள். மகளுக்கு ஒரு காதலனைச் சேர்த்தது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் தானாகவே வீட்டைவிட்டுப் போவதுதான் நாடகத்தில் பலம். படத்தில் வெளியே ஒரு பையன் நிற்கிறான்.

ஒன்பது ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. திரைக்கதைக்கும் பரிந்துரை இருந்தது.

கரிசல்காடு:

நின்று பார்த்தவர்களைப் பற்றி எழுதினார் என்கிறீர்கள். அவரே நின்று பார்த்தவர்தானே? 1938-ல் ஸ்டாலின் நடத்திய மாஸ்கோ விசாரணைகளில் பழைய தோழர்களைச் சுட்டுக் கொன்ற தீர்ப்பை ஆதரித்துக் கையெழுத்துப் போட்ட அமெரிக்க எழுத்தாளர்களில் ஹெல்மன் ஒருவர். 1943-ல் கோல்ட்வினுக்கு எழுதிய 'தி நார்த் ஸ்டார்' படத்தில் உக்ரைன் கூட்டுப்பண்ணைக் கிராமம் திருவிழா மாதிரி இருக்கிறது. அதே உக்ரைனில் பத்து வருடத்துக்கு முன்னால் லட்சக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள்.

பொய் விஷயமும் இருக்கிறது. 1980-ல் எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி தொலைக்காட்சியில், ஹெல்மன் எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் பொய், இடையில் வரும் 'அண்ட்', 'த' உட்பட என்றார். ஹெல்மன் இரண்டேகால் மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு முடியாமலே 1984-ல் இறந்துபோனார். 'ஜூலியா' என்று தோழியைப் பற்றி எழுதினாரே, 1977-ல் ஜேன் ஃபாண்டா நடித்துப் படமாகவும் வந்தது. அது முரியல் கார்டினர் என்ற வேறொரு பெண்ணின் வாழ்க்கையை ஒத்திருந்தது. கார்டினர் 1983-ல் தன் கதையைத் தானே எழுதினார். ஹெல்மனை அவர் சந்தித்ததே இல்லை. ஒரு பொய் இரண்டு பெண்களின் வாழ்க்கையை அழித்த கதையை எழுதியவர் இப்படிச் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ரீல்பெட்டி:

'தி நார்த் ஸ்டார்' பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்தத் திருவிழாக் கிராமம் ஹெல்மனுக்கே பிடிக்கவில்லை. இயக்குநர் லூயிஸ் மைல்ஸ்டோன் செய்த மாற்றங்களை எதிர்த்து அவர் சண்டை போட்டார், தன் திரைக்கதையைத் தனிப் புத்தகமாகவும் வெளியிட்டார். அதற்காகப் பஞ்சத்தை மறந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. பனிப்போர் வந்ததும் 1957-ல் அதே படத்தை வெட்டி ஒட்டி, பின்னணிக் குரல் சேர்த்து, கம்யூனிச எதிர்ப்புப் படமாக வேறு பெயரில் காட்டினார்கள். அதே முகங்கள், நேர் எதிரான பேச்சு.

மேடைவாசி:

கரிசல்காடு, நீங்கள் சொன்ன எதையும் மறுக்கப்போவதில்லை. 1938 கையெழுத்து என்னை ரொம்பத் தொந்தரவு செய்கிறது. அடுத்த வருடமே ஆடியின் அந்த வார்த்தை மேடையேறியது என்பது இன்னும் அதிகமாக. எழுதும்போது தெரிந்தது வாழும்போது தெரியாமல் போயிருக்கிறது.

ஆனால் 1952-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு அவரை மே 21 அன்று கூப்பிட்டது. முன்னாலேயே கடிதம் எழுதினார்: என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், பதில் சொல்கிறேன், அடுத்தவர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இந்த வருடத்து ஃபேஷனுக்கு ஏற்றபடி என் மனசாட்சியை வெட்டிக் கொடுக்க என்னால் முடியாது, கொடுக்கவும் மாட்டேன் என்று அதில்தான் எழுதினார். குழு ஒத்துக்கொள்ளவில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்கிற, அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லிப் பதில் மறுத்தார். ஹேமெட் அதற்கு முந்தின வருடமே பெயர் சொல்ல மறுத்துச் சிறைக்குப் போய்வந்திருந்தார். சினிமாவில் வேலை இல்லை. பிளசன்ட்வில்லில் 130 ஏக்கர் பண்ணை, 1939-ல் ஆசையாக வாங்கியது, அந்த வருடமே விற்றார்கள்.

முழுத் திரைக்கதைக்கு அவர் பெயர் போட்ட படம் 1946-ல் ஒன்று. அடுத்தது 1966-ல், 'தி சேஸ்'. மார்லன் பிராண்டோ, ஜேன் ஃபாண்டா, ராபர்ட் ரெட்ஃபோர்ட். நடுவில் இருபது வருடம். 'தி சேஸ்' எழுத்தையும் வேறு கைகள் மாற்றிவிட்டன, அவருக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை. அதன்பின் திரைக்கதை எழுதவில்லை. முதல் நாடகத்தைப் படமாக்கும்போது தணிக்கைக்காரர்களோடு மல்லுக்கட்டித் தன் கதையைக் காப்பாற்றியவருக்கு, கடைசிப் படத்தில் அது முடியவில்லை.

வானதி:

1977 ஆஸ்கர் விழாவை யாரும் சொல்லவில்லையே. ஆவணப்பட விருது கொடுக்க ஹெல்மனை அழைத்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் மைக்கில், கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் ஜோ மெக்கார்த்தியின் குற்றச்சாட்டுகளை இந்தத் திரைத்துறை ஒரு கிண்ணம் மசித்த உருளைக்கிழங்கின் தைரியத்தோடு எதிர்கொண்டது என்று சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டிருந்தார்களோ. விருது வாங்க மேடையேறியவர் பார்பரா காப்பிள், கென்டக்கி நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தைக் கூடவே இருந்து படமெடுத்த பெண்.

தச்சன்மகன்:

நேற்று ராத்திரி வீட்டில் 'தீஸ் த்ரீ' போட்டேன். பாதியில் அம்மா வந்து உட்கார்ந்தார். ஆங்கிலம் தெரியாது, நான் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். மேரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு பெண் ரோசாலி, வளையல் திருடிய விஷயத்தை வெளியே சொல்லிவிடுவேன் என்று மேரி மிரட்ட, அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறாளே, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும், "அந்தப் புள்ளைய யாராவது தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே" என்றார்.

அடுத்து 'டெட் எண்ட்' பார்க்கலாம் என்றிருக்கிறேன், 1937, அதுவும் ஹெல்மன் திரைக்கதை. நல்ல பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.